கிரீடமும் ஒலிவாங்கியும்

தெருக்கூத்துக் கலைஞரின் குரல் திறந்த வெளிக்கென்றே உருவானது. ஒலிபெருக்கி வராத காலத்தில் கடைசி வரிசைவரை அது தானாகவே சென்றாக வேண்டியிருந்தது. நடிகர் மூச்சு வாங்கும் இடைவெளியை, அதே அடியைத் திரும்பப் பாடிப் பின்பாட்டுக்காரர்கள் நிரப்பினார்கள். கம்பத்தில் பொருத்திய ஒலிவாங்கி வந்தபோது குரல் வலுத்தது, உடல் சுருங்கியது. ஆடுகளம் முழுக்கச் சுழன்ற வேடம், பாட்டு வந்ததும் அதன் முன் வந்து நிற்கப் பழகிக்கொண்டது. மேலே கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட ஒலிவாங்கிகள் இதை ஓரளவுதான் தீர்த்தன.

அப்படியானால் காதில் மாட்டும் கம்பியில்லா ஒலிவாங்கி கூத்துக்கு வரமல்லவா? இடுப்பில் சிறு அலைபரப்பி, கன்னத்தோரம் மெல்லிய தண்டு. கைகள் இரண்டும் விடுதலை. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு கிராமத்தில் சென்ற ஆண்டு 'கர்ண மோட்சம்' பார்க்கப் போன நாங்கள், மைக்செட்காரரின் அருகிலேயே இடம்பிடித்து இதைக் கவனித்தோம்.

முதல் சிக்கல், காது எங்கே என்பதுதான். ராஜ வேடத்தின் காதை மரத்தாலான கர்ணபத்திரம் மறைத்திருக்கிறது. தலையில் கிரீடம், தோளில் புஜக்கீர்த்தி. அரிதாரம் வியர்வையில் இளகினால் தண்டு நழுவும். வியர்வை முனையில் இறங்கினால் குரல் பஞ்சடைத்தாற்போல் மங்கும். நீர் நிறைந்த மனித உடலே இந்த அலைகளை விழுங்கக் கூடியது. முதுகைக் காட்டித் திரும்பும்போது குரல் அறுபடுவது அதனால்.

ஆளுக்கொன்றாய் மாட்டிவிடுவதும் எளிதல்ல. 600, 602 மெகாஹெர்ட்ஸில் இரண்டு கருவிகள் நெருங்கி இயங்கினால் 598-லும் 604-லும் கள்ள அலைகள் பிறந்து, அங்கிருக்கும் இன்னொன்றைக் கெடுக்கும். பழைய 700 மெகாஹெர்ட்ஸ் கருவிகளின் கதை இன்னும் மோசம். அமெரிக்கா 2010-லேயே அந்த வரிசையில் ஒலிவாங்கிகளைத் தடைசெய்தது. இங்கே 2022 ஏலத்தில் அது ஜியோவுக்குப் போயிற்று. தொழிற்பேட்டைப் பக்கம் கைப்பேசிக் கோபுரங்களுக்குக் குறைவா என்ன!

அந்தக் குழுவின் வாத்தியார் கண்டிருந்த வழி எங்களுக்குப் பிடித்திருந்தது. கருவி ஒன்றே ஒன்று, அது கட்டியங்காரனுக்கு. அவருக்குக் கிரீடமில்லை, கூட்டத்துக்குள் புகுந்து கேலி பேசுபவரும் அவரே. (நடுவில் அணைக்க மறந்து அவர் தேநீரை ஊதி ஊதிக் குடித்தது ஊருக்கே கேட்டது.) மற்றவர்களுக்குத் தொங்கும் ஒலிவாங்கிகள்தான்.

விடியற்காலையில், பொன்னுருவியிடம் விடைபெறும் கர்ணன் அவற்றை விட்டு விலகிச் சுழன்று, கூட்டத்தின் விளிம்புவரை வந்துவிட்டார். அவர் வெறுங்குரல் எங்கள் தலைக்குமேல் கேட்டது. எதிர்ப்பக்கம் இருந்தவர்களுக்குப் பாதி அடிதான் எட்டியிருக்கும். மீதியைப் பின்பாட்டுக்காரர்கள் பாடிக்கொடுத்தார்கள்.