நால்வருக்கும் ஒரே பிழை

அரையாண்டுத் தேர்வுக்கு முன்பு, ரெட்டியார்பாளையத்தில் தோழி ஒருத்தியின் வீட்டில் நாங்கள் நால்வரும் கூடினோம். நோட்டில் எழுதிய அறிவியல் குறிப்புகளைப் பாடத்துக்கு ஒருத்தியாகப் பிரித்துக்கொண்டு, அவள் அண்ணனுடைய கணினியில் தட்டச்சு செய்து, படியெடுத்துப் பகிர்ந்துகொண்டோம். எங்கள் கிறுக்கல் அச்சில் வந்ததும் பாடமே முடிந்துவிட்டதாகப் பெருமை!

விடைத்தாள் வந்தது. நால்வருக்கும் ஒரே பிழை. ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தை நுரையீரலுக்குக் கொண்டுசெல்வது நுரையீரல் தமனி; நாங்களோ ‘சிரை’ என்று எழுதியிருந்தோம். தட்டச்சு செய்தவள் அழுதேவிட்டாள். பார்க்காமல் மனப்பாடம் செய்த எங்களுக்கு அவளைக் கடிந்துகொள்ள என்ன உரிமை? மற்றபடி, அவரவர் தட்டச்சு செய்த பாடத்தில்தான் அவரவர் நன்றாக எழுதியிருந்தோம் என்பது வேடிக்கை.

வகுப்பில் மடிக்கணினியில் குறிப்பெடுத்தவர்கள் கேட்டதை அப்படியே பதிந்துகொண்டு, சிந்தித்து எழுதும் வினாக்களில் பின்தங்கினார்கள் என்று முல்லர், ஓப்பன்ஹைமர் என்னும் ஆய்வாளர்கள் 2014இல் எழுதினார்கள். (2021இல் வேறொரு குழு திரும்பச் செய்தபோது அது உறுதிப்படவில்லை.) எங்கள் விரல்களும் அப்படித்தான் ஓடியிருக்கின்றன.

நம் ஊர்ப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஓலைச்சுவடிகளைப் பதிப்பிப்பவர்கள் பல படிகளை ஒப்புநோக்குவார்கள். இப்போது நாங்களும் ஒருத்தி தட்டச்சு செய்ததை மற்றவள் தன் நோட்டோடு ஒப்பிட்டு உரக்கப் படிக்கிறோம். சென்ற வாரம் மூன்று பிழைகள் அகப்பட்டன: இரண்டு தட்டச்சில், ஒன்று நோட்டிலேயே.