கேம் விளையாடுகிற ரெண்டு டீச்சர்மாரின் வாக்குமூலம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் ஒரு பிளேன்டீயோடு இருந்து வாசியுங்கள்.

போன கிழமை பெற்றோர் கூட்டத்தில் ஒரு வாப்பா எழும்பி, "சேர்மார் டீச்சர்மார் எல்லாரும் சேந்து இந்த கேம் விளையாட்டுக்கு ஒரு முடிவு கட்டணும். புள்ள ராவெல்லாம் போனோடதான்" என்றார். மண்டபத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். நாங்களும் ஆட்டினோம். முந்தின இரவு 12 மணி வரைக்கும் புளூபெரி ஜாம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். அடுப்பில் இல்லை, லெப்டொப்பில்.

நாங்கள் என்றால் கணவனும் மனைவியும். ஆசிரியர் கலாசாலையில் ஒரே செட். ஒருவர் கணிதம், மற்றவர் தமிழ். கீழே "எங்களில் ஒருவர்" என்று வருகிற இடத்தில் எவர் என்று கேட்கக் கூடாது, அது வீட்டு ஒப்பந்தம்.

அந்த வாப்பா சொன்ன சுடுகிற கேம் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. நாங்கள் விளையாடுவது இன்டி கேம் என்பார்களே, பெரிய கம்பனி இல்லாமல் ஒருவரோ நாலைந்து பேரோ சேர்ந்து செய்கிறவை. காரணம் ரசனை இல்லை, வறுமை. எங்கட லெப்டொப் 4 ஜீபீ ரெம். பெரிய கேம் போட்டால் அடுப்பாகச் சுடும். இவை மட்டும்தான் அதில் ஓடும். ஓடியதில் சிலதைப் பற்றி உண்மையாக எங்களுக்குப் பட்டதைச் சொல்கிறோம்.

முதலில் ஸ்டார்டியூ வெலி. தாத்தா விட்டுப்போன காணியைப் போய்த் துப்புரவாக்கி விவசாயம் செய்வது, அவ்வளவுதான். எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் நாலரை வருடம் அளவில் தனியே இருந்து செய்து 2016இல் வெளியிட்டார். படமும் அவர், பாட்டும் அவர், கதையும் அவர். இதை நாங்கள் முதலில் விளையாடியது பென் டிரைவில் வந்த கள்ளக் கொப்பியில். அந்தக் காலத்தில் அது ஒரு குற்றமாகவே படவில்லை. பிறகு ஒரு நாள் அந்த மனிதரைப் பற்றி வாசித்தபோது எங்களில் ஒருவர் கேட்டார்: "பெரிய கம்பனி எண்டா கதை வேற, இது ஒரு மனிசன்ட ஹக் இல்லையா?" மற்றவருக்குப் பதில் வரவில்லை. வாங்குவோம், வாங்குவோம் என்று இழுத்து, கடைசியில் வாங்கியது 2022இல். 15 டொலர். முந்தின வருடம் வாங்கியிருந்தால் 3,000 ரூபாய். டொலர் 360ஐத் தொட்ட நேரத்தில் 5,400. ஹக்கைப் பிந்திக் கொடுத்ததற்கு வட்டியா என்று கேட்கக் கூடாது, வட்டியும் ஹராம்.

இதில் எங்களுக்கு வந்த சிக்கலை வேறு எந்த விமர்சனத்திலும் கண்டதில்லை. காசு வருகிற வழி முக்கால்வாசி வைன். பழத்தைப் பீப்பாவில் போட்டால் விலை மூன்று மடங்கு. பன்றி வளர்த்தால் அது மண்ணைக் கிண்டி எடுத்துத் தருகிற ஒருவகைக் காளானுக்கு இன்னும் கூட விலை. பாலைவனத்தில் சூதாட்ட மண்டபம் வேறு. கேம்தானே, வெறும் படம்தானே என்று சொல்லலாம். ஆனால் பன்றிக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லி அந்தப் பெட்டி திறந்ததும் ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூடிவிட்டோம்.

ஆகவே ஜாம். கணக்கு இதுதான்: வைன் என்றால் பழத்தின் விலையைப் போல மூன்று மடங்கு. ஜாம் என்றால் இரண்டு மடங்கும் மேலே 50உம். பழத்தின் விலை 50ஐ விடக் குறைவென்றால் ஜாம் லாபம், கூடினால் வைன் லாபம். புளூபெரியின் விலை சரியாக 50. ரெண்டும் 150, சமம். வைனுக்கு ஒரு கிழமை அளவில் காத்திருக்க வேண்டும், ஜாம் ரெண்டு மூன்று நாளில் ஆகிவிடும். ஆகவே ஹலாலான வழியில்தான் உண்மையான லாபம் என்று நிறுவி, கரும்பலகையில் எழுதாத குறையாக மகிழ்ந்தோம். (ஸ்ட்ரோபெரியில் இந்தக் கணக்குப் பிழைக்கும். அதைப் பற்றி வீட்டில் கதைப்பதில்லை.) சமனிலி படிப்பிக்கும்போது இதே கணக்கை வைன் என்பதைச் சேர்பத் என்று மாற்றிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். நன்றாகவே செய்தார்கள்.

ஆனால் ஒன்று. அந்த ஊரில் குடிகாரர்கள் ரெண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களை வேடிக்கை மனிதர்களாக அவர் எழுதவில்லை. ஷேன் என்றவன் மழையில் மலை விளிம்பில் வெறியோடு விழுந்து கிடக்கிற ஒரு இடம் இருக்கிறது. எங்கட ஊரிலும் அப்படி ஒருவரைத் தெரியும், நாங்கள் பாதை மாறிப் போகிறவர்கள். கேமில் அவனுக்குக் கிழமைக்கு ரெண்டு தரம் கொச்சிக்காய் கொண்டுபோய்க் கொடுத்தோம். பியரைப் போலவே அதுவும் அவனுக்கு விருப்பம்.

அடுத்தது ஹொலோ நைட். அவுஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஒரு சின்னக் குழு செய்தது, 2017. எல்லோரும் தலையில் தூக்கி வைக்கிறார்கள். படம் அழகு, இசை அழகு, மறுக்கவில்லை. ஆனால் செத்தால் சேர்த்த காசெல்லாம் செத்த இடத்தில் கிடக்கும், போய் எடுக்க வேண்டும், போகிற வழியில் திரும்பச் செத்தால் அதுவும் போய்விடும். பகலெல்லாம் 42 பிள்ளைகளோடு கத்திவிட்டு வருகிறவர்களுக்கு இது தேவையா? மூன்று இரவு. அழித்துவிட்டோம். பிடித்தவர்கள் கோபிக்க வேண்டாம்.

செலஸ்ட் அதைவிடக் கஷ்டம், ஆனால் பிடித்தது. மெடலின் என்ற பெண் மலை ஏறுகிறாள், இடையில் மூச்சுத் திணறிப் பதறிப் போகிறாள். விழுந்தால் அந்த இடத்திலிருந்தே உடனே தொடங்கலாம், அபராதம் கிடையாது. முக்கியமானது அதிலிருக்கிற உதவி முறை. வேகத்தைப் பாதியாகக் குறைக்கலாம், சாகாமல் போகலாம், எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான். எங்களில் ஒருவர் அதைப் போட்டு முடித்தார். மற்றவர் போடாமல் 2,000 தரத்துக்கு மேல் செத்து முடித்துவிட்டு, "நீ முடிச்சது கணக்கில இல்ல" என்றார். அன்றைக்குப் பெரிய சண்டை. வாசிக்கச் சிரமப்படுகிற பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து விரல் வைத்து வாசிக்க வைக்கிறோமே, அந்தப் பிள்ளை வாசித்ததும் கணக்கில் இல்லையா? கேட்ட பிறகு மற்றவர் மௌனம். மன்னிப்பு இன்னும் வரவில்லை, இதை வாசித்தால் வரலாம்.

பலாட்ரோவை நோன்புக்கு முன் அழித்தோம். சீட்டுப் படம் வைத்த கேம், பந்தயக் காசு ஒன்றும் கிடையாது. ஐரோப்பாவில் 18 வயது என்று முத்திரை குத்தி, 2025இல் 12 ஆகக் குறைத்தார்கள். கூடுமா கூடாதா என்று மௌலவிமாரிடம் கேளுங்கள். எங்கட பிரச்சினை வேறு, சுபஹுக்கு எழும்ப முடியவில்லை.

இனி இந்தப் பதிவை எழுத வைத்த கேம். பேப்பர்ஸ், ப்ளீஸ். லூகாஸ் போப் என்றவர் ஜப்பானில் இருந்துகொண்டு செய்தது, 2013. நீங்கள் ஒரு நாட்டு எல்லையில் முத்திரை குத்துகிற உத்தியோகத்தர். வருகிறவரின் கடவுச்சீட்டு, அனுமதிப் பத்திரம், படம், திகதி எல்லாம் பொருந்துகிறதா பார்க்க வேண்டும். பொருந்தினால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. சரியாகப் பார்த்த ஆளுக்கு 5 காசு. பின்னேரம் அந்தக் காசில் வாடகை, சாப்பாடு, குளிருக்குச் சூடு, பிள்ளைக்கு மருந்து. கலாசாலையில் இருந்த காலத்தில் விடுதியில் சிரித்துக்கொண்டு விளையாடினோம். முத்திரை விழுகிற "டக்" சத்தம் மட்டும் ஞாபகம்.

அதில் ஒரு இடம். ஒரு ஆள் வருகிறார், பத்திரமெல்லாம் சரி. போகும்போது, பின்னால் வருவது என் மனைவி, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவ வருகிறா. அனுமதிப் பத்திரம் இல்லை. விட்டால் பிழை என்று ஒரு துண்டு அச்சாகி வரும். ஆனால் ஒரு நாளில் முதல் ரெண்டு பிழைக்கும் எச்சரிக்கை மட்டும்தான், காசு வெட்டமாட்டார்கள். மூன்றாவதிலிருந்துதான் அபராதம்.

முந்தின வருடம் முதலாம் தர அனுமதி நேர்முகப் பரீட்சைக் குழுவில் எங்களில் ஒருவர் இருந்தார். ஒரு தாய் வந்தா. சொப்பிங் பேக் ஒன்றில் கடுதாசிகள். வாடகை வீடு, உறுதி இல்லை, பதிவு செய்த ஒப்பந்தம் இல்லை. கிராம உத்தியோகத்தரின் கடிதம் மட்டும் இருந்தது. வாக்காளர் இடாப்பில் பெயர் மன்னாரில். இருப்பது எங்கட புத்தளத்தில், பாடசாலையிலிருந்து மூன்று ஒழுங்கை தள்ளி. இங்கே இது எத்தனை குடும்பத்தின் கதை என்று ஊர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. சுற்றறிக்கைப்படி புள்ளி கூட்டினால் வரவில்லை. கூட்டியது எங்களில் ஒருவர். திரும்பக் கூட்டியும் வரவில்லை. "பரவாயில்ல, விளங்குது" என்று சொல்லிவிட்டு அவ கடுதாசிகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பேக்கில் அடுக்கினா. அடுக்கி முடியும்வரை அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை, எங்களால் செய்ய முடிந்த உபகாரம் அதுதான்.

அன்றிரவு வீட்டில் கதைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து மற்றவர் அந்தப் பழைய கேமைத் தேடி எடுத்துத் திரும்பப் போட்டார். அந்த மனைவி வந்தா. பச்சை குத்தினோம். துண்டு அச்சாகி வந்தது, எச்சரிக்கை. காசு குறையவில்லை. கேமில் பத்து விநாடி வேலை.

விதியை மீறியிருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அந்தப் புள்ளிக் கணக்கு இல்லாவிட்டால் அங்கே யார் யாருடைய பிள்ளை போய் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் எங்களில் ஒருவர் 1994இல் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த கதை இது: உம்மா 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்தவ. மடியில் பிள்ளை, கையில் ஒரு உடுப்பு மூட்டை. பிறப்புச் சான்றிதழ் வீட்டு அலுமாரியில் இருந்து போனது. முகாமுக்குப் பக்கத்துக் கிடுகுக் கொட்டிலில் நடந்த பள்ளிக்கூடத்தில் ஒரு பெரிய சேர் உம்மாவிடம் பெயரையும் வயதையும் கேட்டு, சொன்னதை அப்படியே இடாப்பில் எழுதினார். ஒரு கடுதாசியும் கேட்கவில்லை. அந்த இடாப்பில் எழுதின பிள்ளைதான் பிறகு ஒரு மேசைக்குப் பின்னால் இருந்து புள்ளி கூட்டியது.

அந்தத் தாயின் பிள்ளை இப்போது ரெண்டு பஸ் மாறிப் போகிறது. காலையில் ஆறேகாலுக்கு ஹோல்ட்டில் காண்கிறோம். தாய் சிரிப்பா. இந்த வருடக் குழுவிலும் பெயர் வந்திருக்கிறது. ஒரு வேலை மட்டும் செய்திருக்கிறோம். என்னென்ன கடுதாசி வேண்டும், எதை எங்கே எடுக்கலாம், புள்ளி குறைந்தால் மேன்முறையீடு எப்படி எழுதுவது என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டியிருக்கிறோம். படம் கொமெண்டில் இருக்கிறது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் யாரும் தெரிந்தால் அனுப்புங்கள்.

திஸ் வோர் ஒஃப் மைன் என்ற கேமையும் சொல்ல வேண்டும், சுருக்கமாகச் சொல்கிறோம். போலந்துக்காரர் செய்தது, 2014. யுத்தத்தில் அகப்பட்ட நகரத்துச் சனங்கள் எப்படி நாள் தள்ளுகிறார்கள் என்பது. சரயேவோ முற்றுகையை வைத்துச் செய்தது. போலந்தில் உயர்தர மாணவர்களின் வாசிப்புப் பட்டியலில் கூட அதைச் சேர்த்தார்கள். நல்ல கேம் என்றுதான் நினைக்கிறோம். நினைக்கிறோம் என்பது ஏனென்றால், அரை மணித்தியாலத்துக்கு மேல் விளையாடவில்லை. இரவில் ஆளில்லாத ஒரு வீட்டுக்குள் போய்ச் சாமான் தேடுகிற இடத்தில் உம்மா பின்னால் வந்து நின்றது தெரியவில்லை. "இந்த ஊட்டாக்கள் சாமானெல்லாம் வச்சிட்டு எங்க போனாங்க?" என்று கேட்டா. லெப்டொப்பை மூடிவிட்டோம். அதற்குப் பிறகு திறக்கவில்லை.

உம்மாவுக்கு ஸ்டார்டியூ காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்து பார்த்தா. மரக்கறித் தோட்டம் பிடிக்கவில்லை, வரிசை கோணலாம். கோழிகள் பிடித்துவிட்டன. அந்தக் கேமில் இரவில் கோழி வெளியே நிற்கக் கூட்டுக் கதவைச் சாத்திவிட்டால் ஏதாவது வந்து பிடித்துப் போகவும் கூடும். ஒரு தரம் அப்படி ஒன்று போனது. உம்மாவிடம் சொன்னது எங்கட பிழை. இப்போது இஷா தொழுதுவிட்டு முசல்லாவில் இருந்தபடியே அறைப் பக்கம் பார்த்துக் கேட்கிறா.

"கோழிய அடைச்சாச்சா?"