மைலேஜும் முழங்காலும்

6-6-2025, வெள்ளி

பதினான்கு வருஷங்களாக எங்கள் குடும்பத்துக்கு உழைத்த பழைய கார் இனித் தூரப் பிரயாணத்துக்கு ஆகாது என்று மெக்கானிக் சொல்லிவிட்டபடியால், புதிதாக எதை வாங்குவது என்ற யோசனை இன்று வீட்டில் ஆரம்பமாயிற்று. எல்லிஸ் நகரிலிருந்து திருமங்கலத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வருவதிலேயே மாதம் 900 கிலோமீட்டர் ஓடிவிடுகிறது. கோடையில் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலும், கொடைவிழாவுக்குக் கிராமத்து மண்சாலையும் உண்டு. அம்மா மட்டும் இரண்டு வருஷங்களாக, "நீங்க போயிட்டு வாங்கப்பா" என்று சொல்லி வீட்டிலேயே தங்கிவிடுகிறாள்; பிரயாணத்தில் விருப்பம் குறைந்துவிட்டது போலும் என்று எண்ணியிருந்தேன்.

8-6-2025, ஞாயிறு

மாருதி டிசையர், டாடா பஞ்ச் என இரண்டில் வந்து நின்றோம். கையால் கியர் மாற்றும் பெட்ரோல் வண்டியில் முன்னதற்கு லிட்டருக்கு 24.79 கிலோமீட்டர், பின்னதற்கு 20.09 என்று கம்பெனிகள் அறிவித்திருக்கின்றன. பரிசோதனைக்கூடத்தில் உருளைகளின்மேல் ஓட்டி அளந்த அந்தக் கணக்கு பெரியார் பேருந்து நிலைய நெரிசலில் அப்படியே கிட்டாது என்றாலும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு உதவும். என் 900 கிலோமீட்டருக்கு வித்தியாசம் எட்டரை லிட்டர்; லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிய இந்நாளில் மாதம் சுமார் 850 ரூபாய். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்களின் பாதுகாப்புக்கு இரண்டுமே 5 நட்சத்திரம் பெற்றவை; டிக்கியின் கொள்ளளவும் 382, 366 லிட்டர் என்று கிட்டத்தட்டச் சமம். ஆகவே டிசையரே என்று நிச்சயித்தேன்.

14-6-2025, சனி

ஷோரூமுக்கு அம்மாவையும் அழைத்துச் சென்றோம். டிசையரின் பின்கதவைத் திறந்ததும், தலையைக் குனிந்து, கதவின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி மெல்ல உள்ளே அமர்ந்தவள், இறங்கும்போது வலது முழங்கால் ஒத்துழைக்காமல் என் தோளைப் பிடித்தே எழுந்தாள். "நான் என்ன தினமுமா ஏறப்போறேன்? உனக்குத் தோதானதை வாங்குப்பா" என்றாள். பஞ்சின் கதவோ 90 பாகை அகலத் திறந்தது; இருக்கை அவள் இடுப்பளவில் இருந்தது. முந்தானையை ஒதுக்கி, அப்படியே அமர்ந்து, ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைத்தாள், எதையும் பிடிக்கவில்லை. இரண்டு வருஷங்களாக அவளை வீட்டில் நிறுத்தியது எதுவென்று அப்போதுதான் விளங்கியது.

15-6-2025, ஞாயிறு

பஞ்சுக்கு முன்பணம் கட்டிவிட்டேன். தரையிலிருந்து 187 மில்லிமீட்டர் உயரம், டிசையரைவிட 24 மில்லிமீட்டர் அதிகம் என்பதால், கிராமத்து மேடுபள்ளங்களுக்கும் அதுவே ஏற்றது. எட்டரை லிட்டரில் ஒரு பகுதியையேனும் டயர்க் காற்றைச் சரியாக வைத்தும், ஆக்ஸிலரேட்டரை நிதானமாக மிதித்தும், ரயில்வே கேட்டில் என்ஜினை நிறுத்தியும் மீட்க வேண்டும். டேங்கை நிரப்பும்தோறும் கணக்கெழுத ஒரு நோட்டும் வாங்கியாயிற்று. வீட்டிலுள்ள ஒருவரை வாசலில் நிறுத்திவிட்டு மிச்சம் பிடிப்பது சிக்கனமாகாது. இரவு சாப்பிடும்போது அம்மா கேட்டாள்: "வண்டி வந்ததும் முதல்ல குலதெய்வம் கோயிலுக்குப் போவோமா?"