இரண்டாவது கையெழுத்து

வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கிவிட்டால் ஜனநாயகம் தானே வேர்பிடித்துவிடும் என்று மேடைதோறும் பிரசங்கிக்கக் கேட்கும்போதெல்லாம், மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களே என் ஞாபகத்துக்கு வருகின்றன. தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கென ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவிக்கு 1996 முதல் பத்தாண்டுக் காலம் தேர்தல் அறிவிக்கப்படுவதும், மனுத் தாக்கல் செய்ய ஒருவரும் துணியாமற்போவதும், அப்படியே ஒருவர் நின்று ஜயித்தாலும் பதவிப் பிரமாணம் எடுத்த கையோடு ராஜிநாமாக் கடிதத்தை நீட்டுவதும் ஒரு சடங்கைப்போல அங்கே நடந்தேறின. வாக்காளர் பட்டியலில் பெயரென்னவோ இருந்தது. ஆனால் கூலிக்கு அழைப்பவரும் நிலத்துக்கு உடையவரும் ஒரே தரப்பாராய் இருக்கும் ஊரில், பட்டியலிலுள்ள பெயர் எம்மட்டுக்குத் துணைநிற்கும்?

2006 அக்டோபரில், அப்போதைய ஆட்சியர் உதயசந்திரன் பொறுமையோடு பேசி இணங்கவைத்ததன் பயனாக, தேர்தல் முறையாக நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றார்கள். மெச்சத்தக்க காரியந்தான். எனினும், ஒரு குடிமகனின் உரிமை ஓர் அதிகாரியின் சாமர்த்தியத்தை அண்டி நிற்பது எனக்குச் சம்மதமில்லை. பதவியேற்பைக் கொண்டாடிய நாம், அதன் பிறகு ஊராட்சி அலுவலகத்துக்குள் நடப்பதை அவ்வளவாக விசாரிப்பதில்லை. தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு. உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுக்கும் துணைத் தலைவர் பதவிக்கு அது கிடையாது. ஊராட்சியின் காசோலையிலோ இவ்விருவர் கையெழுத்தும் விழுந்தாக வேண்டும்.