ஆர்டர் போடு, பில் போடு, டீ போடு!

‘போடு’ங்கிற ஒரே சொல்லை வச்சு நாம ஒரு நாள்ல எத்தனை வேலை பார்க்கிறோம்னு யோசிச்சிருக்கீங்களா? காலையில வாசல்ல கோலம் போடுறோம். டீ போடுறோம். செருப்பு போடுறோம். தலை வலிச்சா மாத்திரை போடுறோம். கடையில பில் போடுறாங்க. கம்பெனியில ஆர்டர் போடுறாங்க.

இதையே இங்கிலீஷ்ல சொல்லணும்னா? கோலத்துக்கு ‘டிரா’, டீக்கு ‘மேக்’, செருப்புக்கு ‘புட் ஆன்’, மாத்திரைக்கு ‘டேக்’, இன்வாய்ஸுக்கு ‘ரெய்ஸ்’, ஆர்டருக்கு ‘ப்ளேஸ்’. நம்ம ஒரு ‘போடு’க்கு அங்க ஆறு ஆள்!

எந்தச் சொல்லோட எந்தச் சொல் சேரும்ங்கிற இந்தப் பழக்கத்துக்கு ‘கொலோகேஷன்’னு பேரு. மொழியியல்ல இதுக்குப் பிரபலமான உதாரணம் ‘ஸ்ட்ராங் டீ’. ‘பவர்ஃபுல் டீ’ன்னா இலக்கணப்படி தப்பில்ல, ஆனா யாரும் சொல்ல மாட்டாங்க. எங்க ஒடுகத்தூர் டீக்கடையில இங்கிலீஷே படிக்காதவர்கூட ‘ஸ்ட்ராங்கா ஒரு டீ’ன்னு சரியாத்தான் கேக்குறாரு!

தமிழ்லயும் இது உண்டு. மழை பெய்யும், காத்து வீசும், மின்னல் வெட்டும். மாத்திச் சொன்னா சின்னப் பையன்கூட சிரிப்பான். ஆனா ரெண்டு மொழி ஜோடியும் ஒண்ணா இருக்காது. நமக்கு மழையும் ‘பலத்த’, காத்தும் ‘பலத்த’. இங்கிலீஷ்ல மழை ‘ஹெவி’, காத்து ‘ஸ்ட்ராங்’.

இதை ஏன் சொல்றேன்னா, ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியத்துல படிச்சிட்டு பி.காம் சேர்ந்த நம்ம பசங்க பலர் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல், ஷூ எக்ஸ்போர்ட் ஆபீஸ் வேலையைத்தான் எதிர்பார்க்கிறோம். அங்க வெளிநாட்டு பையருக்கு மெயில் எழுதணும். டென்ஸ் எல்லாம் தெரிஞ்சவன்கூட இன்டர்வியூவுல ‘டூ’வா ‘மேக்’கா ‘கிவ்’வான்னு யோசிச்சே வாயை மூடிக்கிறான். வெளிய வந்து ‘எனக்கு இங்கிலீஷ் வராதுடா’ங்கிறான். அதான் வருத்தமா இருக்கு.

ஏன்னா அவன் மூணு வருஷமா படிச்ச காமர்ஸ் பூரா ஜோடிகள்தான். ‘ரைட் ஆஃப் பேட் டெட்ஸ்’, ‘இன்கர் எ லாஸ்’, ‘டிக்ளேர் எ டிவிடெண்ட்’. செக் திரும்பினா ஊர்ல ‘பவுன்ஸ்’. 1881-ஆம் வருஷ நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சட்டத்துல ‘டிஸ்ஆனர்’. இதுக்கெல்லாம் நாம இலக்கணமா பார்த்தோம்? பரீட்சைக்கு அப்படியே மனசுல ஏத்தினோம்.

மீதியையும் அப்படியே ஏத்திக்கலாம். ஒத்தைச் சொல்லா எழுதாதீங்க. ஜோடியா, ஒரு வாக்கியத்தோட எழுதுங்க:

வி ப்ளேஸ்ட் அன் ஆர்டர் ஃபார் லைனிங் லெதர் – லைனிங் தோலுக்கு ஆர்டர் போட்டோம்.
ப்ளீஸ் ரெய்ஸ் தி இன்வாய்ஸ் டுடே – இன்னிக்கே பில் போடுங்க.
வி வில் மீட் தி டெட்லைன் – சொன்ன தேதிக்குள்ள முடிச்சுடுவோம்.

ஒரு நாளைக்கு அஞ்சு ஜோடின்னா 90 நாள்ல 450. ஆபீஸ் மெயில் எழுத அது தாராளம். அக்கவுண்ட்ஸ் நோட்டோட கடைசிப் பக்கம் காலியாத்தானே இருக்கு? இன்னிக்கே ஆரம்பிங்க மக்கா!