மூளைக்குச் சாணை பிடித்தல்

அறிவைப் பற்றித் தமிழில் வழங்கும் சொற்களில் பல கத்தியிடம் கடன் வாங்கியவை. புத்தி கூர்மையாக இருக்கிறது என்றும், பழகாவிட்டால் மழுங்கிப்போகிறது என்றும், தீட்டத் தீட்ட ஒளிர்கிறது என்றும் சொல்பவர் தம்மை அறியாமலேயே வேறு சிலவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறார்: மூளை ஒரே அலகுள்ள கருவி என்பதையும், எந்தக் கல்லில் தேய்த்தாலும் அந்த அலகு கூராகும் என்பதையும், கூரானபின் கத்தரிக்காயையும் சணற்கயிற்றையும் அது ஒன்றுபோல் நறுக்கும் என்பதையும். இன்று கைப்பேசிச் செயலிகளாகவும், மாலைநேர வகுப்புகளாகவும், நெற்றியில் மாட்டும் பட்டைகளாகவும் மூளைப் பயிற்சி என்ற பெயரில் விற்கப்படுபவற்றுள் பெரும்பகுதி இந்த உவமையை நம்பியே கடை விரித்திருக்கிறது. உவமை பழையது, அதைச் சோதித்துப் பார்க்கும் முயற்சிக்கும் நூறாண்டுக்கு மேல் வயதாகிவிட்டது.

ஐரோப்பியப் பள்ளிகள் லத்தீன் இலக்கணத்தையும் யூக்ளிடின் வடிவியலையும் நெடுங்காலம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்கு, அவற்றின் நேரடிப் பயனைவிட, அவை மனத்துக்கு உடற்பயிற்சி என்ற நம்பிக்கையே வலுவான காரணமாக இருந்தது. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் இந்த நம்பிக்கையைத் தம்மீதே சோதித்தார். விக்டர் யூகோவின் ஒரு நெடுங்கவிதையிலிருந்து 158 வரிகளை எட்டு நாள்களில் மனப்பாடம் செய்ய அவருக்கு ஏறத்தாழ 132 நிமிடங்கள் ஆயின. பிறகு 38 நாள்கள், நாளுக்கு இருபது நிமிடத்துக்குச் சற்று மேலாக உட்கார்ந்து, மில்டனின் ‘இழந்த சொர்க்கம்’ காப்பியத்தின் முதல் காண்டம் முழுவதையும் நெட்டுருப் போட்டார். இவ்வளவு தீட்டிய நினைவோடு மீண்டும் யூகோவிடம் வந்து இன்னொரு 158 வரிகளை எடுத்தபோது, 151 நிமிடங்களுக்கு மேல் பிடித்தது. அப்போது வேறு வேலைகளால் களைத்திருந்ததாக அவரே குறித்துவைத்திருக்கிறார். ஒருவர் தம்மீதே செய்துகொண்ட சோதனையின் மேல் பெரிய முடிவு எதையும் ஏற்றிவிட முடியாது. ஆயினும் 1890இல் வெளிவந்த ‘உளவியலின் கோட்பாடுகள்’ என்ற அவருடைய நூலில் இடம்பெற்ற அந்த எளிய சோதனை, பின்வந்த கேள்வி முழுவதற்கும் கருவாக அமைந்துவிட்டது. 1901இல் தார்ண்டைக், உட்வர்த் இருவரும் செவ்வகத் தாள்களின் பரப்பைக் கண்ணால் மதிப்பிடப் பலரைப் பழக்கிவிட்டு, அளவிலோ வடிவத்திலோ மாறுபட்ட தாள்களை நீட்டிப் பார்த்தார்கள். பழகிய செவ்வகத்தில் வந்த தேர்ச்சி அடுத்த வடிவத்துக்கு அற்பமாகவே நகர்ந்தது. ஒன்றில் பெற்ற பயிற்சி இன்னொன்றுக்கு உதவுவதைக் கல்வி உளவியல் ‘பயிற்சி மாற்றம்’ என்கிறது. இரண்டு வேலைகளுக்கும் பொதுவான கூறுகள் எவ்வளவோ, அவ்வளவுக்கே மாற்றம் நிகழும் என்பது தார்ண்டைக் நிறுவிய ஒத்த கூறுகள் கோட்பாடு. பி.எட். மாணவர்கள் தேர்வுக்காக உருப்போட்டு, தேர்வு முடிந்ததும் மறந்துவிடும் கோட்பாடுகளில் இதுவும் ஒன்று என்பது சற்று வேடிக்கையானது.

பயிற்சி மாற்றத்தின் இந்த எல்லையை மிக அருகில் வைத்துக் காட்டிய ஆய்வு 1980இல் வெளியானது. அதற்குமுன் ஒரு சொல்லை விளக்கவேண்டும். ஒரு தொலைபேசி எண்ணைக் கேட்டு, அதைக் குறித்து முடிக்கும்வரை மனத்தில் ஏந்திக்கொண்டிருக்கும் குறுகிய இடத்துக்குச் செயல்நினைவு என்று பெயர். கணக்கில் கையிருப்பு வைப்பதும், நீண்ட வாக்கியத்தின் எழுவாயை மறக்காமல் பயனிலைக்கு வந்துசேர்வதும் இங்கேதான் நிகழ்கின்றன. இதன் கொள்ளளவு ஏறத்தாழ ஏழு உருப்படிகள் என்று ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதினார். பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆண்டர்ஸ் எரிக்சனும் வில்லியம் சேஸும், ஆய்வேடுகளில் எஸ்.எஃப். என்று குறிக்கப்படும் ஓர் இளங்கலை மாணவரை இந்த எல்லையின்மேல் மோதவிட்டார்கள். விநாடிக்கு ஓர் இலக்கமாக வாசிக்கப்படும் வரிசையை அவர் அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும். சரியாகச் சொன்னால் அடுத்த வரிசையில் ஓர் இலக்கம் கூடும், தவறினால் ஒன்று குறையும். தொடங்கியபோது அவரும் எல்லாரையும்போல ஏழில்தான் நின்றார். ஏறத்தாழ இருபது மாதங்களில், 230 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயிற்சிக்குப்பின், 79 இலக்கங்களைச் சொன்னார்.

ஏழு எழுபத்தொன்பதானது என்று மட்டும் கேட்பவருக்கு, பாத்திரமே பெரிதாகிவிட்டது என்றுதான் தோன்றும். நடந்தது வேறு. எஸ்.எஃப். நெடுந்தொலைவு ஓட்டக்காரர். 3, 4, 9, 2 என்ற இலக்கங்கள் காதில் விழுந்ததும் அவருக்கு அது 3 நிமிடம் 49.2 விநாடி, மைல் ஓட்டத்தில் அன்றைய உலகச் சாதனையை உரசிக்கொண்டு நிற்கும் நேரம். ஓட்டத்தில் அடங்காத 893 என்ற எண் 89.3 வயதுக் கிழவராக மாறியது. இப்படி மூன்று நான்கு இலக்கங்களை ஒரு முடிச்சாக்கி, முடிச்சுகளை மூட்டையாக்கி, மூட்டைகளை எந்த வரிசையில் அடுக்கினோம் என்பதையும் நெடுநாள் நினைவில் பதித்துவைக்கும் ஒரு கிடங்கு முறையை அவர் தாமே உருவாக்கிக்கொண்டார். ஓட்ட நேரமாக மாற்றவே முடியாதபடி இலக்கங்களை அமைத்துக் கொடுத்தபோது அவருடைய திறம் சரிந்தது. இலக்கங்களுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளை வாசித்தபோது அவர் நினைவில் நின்றவை ஏறத்தாழ ஆறு. இருபது மாத உழைப்பு இலக்கங்களோடு வந்தது, எழுத்துகளின் வாசலில் நின்றுவிட்டது. பாத்திரம் பழைய பாத்திரமாகவே இருந்தது.

இந்த முடிவு தெரிந்திருந்தும், உள்ளடக்கம் எதுவுமற்ற தூய பயிற்சி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் பாத்திரத்தையே பெரிதாக்கிவிடலாம் என்ற ஆசை அடங்கவில்லை. 2008இல் சுசான் யெகியும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஒரு கட்டுரை அந்த ஆசைக்கு எண்ணெய் ஊற்றியது. அவர்கள் கையாண்ட விளையாட்டின் ஆங்கிலப் பெயர் ‘டூயல் என்-பேக்’. திரையில் ஒரு சதுரம் மூன்று விநாடிக்கு ஒருமுறை இடம் மாறித் தோன்றும். அதே கணத்தில் காதில் ஓர் எழுத்து ஒலிக்கும். இப்போது வந்த இடமோ எழுத்தோ இரண்டு முறைக்கு முன் வந்ததுதானா என்று ஆடுபவர் இரண்டையும் தனித்தனியே தீர்மானித்துப் பொத்தானை அழுத்தவேண்டும். அவர் தேறத் தேற இரண்டு மூன்றாகும், மூன்று நான்காகும். நாளுக்கு 25 நிமிடம் என்ற அளவில் 8 முதல் 19 நாள்கள் இதை ஆடியவர்கள், முன்னறிவின் துணையின்றிப் புதுச் சிக்கலை அவிழ்க்கும் நுண்ணறிவுக்கான தேர்விலும் முன்னேறினார்கள் என்றது கட்டுரை. ஒப்பீட்டுக்கு வைத்த குழுவினர் அந்த நாள்களில் எந்தப் பயிற்சியும் செய்யவில்லை. 2013இல் தாமஸ் ரெடிக்கும் உடனிருந்தோரும், ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே அளவு முயற்சி கேட்கும் வேறொரு பயிற்சியைக் கொடுத்து, இருபது அமர்வுகள் நடத்திப் பார்த்தபோது, பழகிய விளையாட்டில் மட்டும் முன்னேற்றம் இருந்தது. நுண்ணறிவில் எதுவும் நகரவில்லை.

முந்தைய முன்னேற்றத்தில் ஒரு பங்கு எங்கிருந்து வந்திருக்கக்கூடும் என்பதற்கு, 2016இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு குறும்புத்தனமான சோதனை விடை சொல்கிறது. அங்கே ஆய்வுக்கு ஆள் சேர்க்க இரண்டு விதத் துண்டறிக்கைகள் ஒட்டப்பட்டன. ஒன்று மூளைப் பயிற்சியால் அறிவாற்றல் பெருகும் என்று ஆசை காட்டியது. மற்றொன்று ஆய்வில் பங்குகொள்ள வருமாறு மட்டும் அழைத்தது. ஒவ்வொன்றுக்கும் 25 பேர் வந்தார்கள். இருசாராரும் ஒரே விளையாட்டை ஒரே ஒரு மணி நேரம் ஆடினார்கள். ஆசை காட்டிய தாளைப் பார்த்து வந்தவர்களின் நுண்ணறிவு மதிப்பெண் 5 முதல் 10 புள்ளிகளுக்கு நிகராக உயர்ந்தது, மற்றவர்களுடையது அசையவில்லை. ஒரு மணி நேரத்தில் எவருடைய மூளையும் மாறிவிடாது. நம்பிக்கையோடு வந்தவர் தேர்வில் கூடுதலாக முயன்றிருக்கலாம், அல்லது அந்தத் தாள் ஒரு குறிப்பிட்ட வகை மனிதர்களையே பொறுக்கி எடுத்திருக்கலாம். எப்படியாயினும், மாத்திரையின் பெயரால் மாவுருண்டையைக் கொடுத்துப் பார்க்கும் மருத்துவ ஆய்வுமுறையை மனப்பயிற்சி ஆய்வுகள் பல காலம் ஏன் பின்பற்றவில்லை என்பது வியப்புக்குரியது. அடிப்படையில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. தேர்வு மதிப்பெண் என்பது காய்ச்சலைக் காட்டும் வெப்பமானியைப் போன்றது. அதன் குமிழை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் பாதரசம் ஏறும், உடம்பு சுடுவதில்லை.

2014இல் ஸ்டான்ஃபோர்டின் முதுமை ஆய்வு மையமும் பெர்லினின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனமும் முன்னின்று, இந்த வணிகத்தின் வாக்குறுதிகளுக்குப் போதிய சான்று இல்லை என்று அறிவியலாளர்களின் கையெழுத்தோடு ஓர் அறிக்கை வெளியிட்டன. சில மாதங்களில் அதைவிடக் கூடுதலான கையெழுத்துகளோடு எதிரறிக்கை வந்தது. கையெழுத்தை எண்ணி உண்மையைத் தீர்மானிக்க முடியாதென்பது இருதரப்புக்கும் தெரிந்ததே. 2016 ஜனவரியில், அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையம் எழுப்பிய ஏமாற்று விளம்பரக் குற்றச்சாட்டைத் தீர்த்துக்கொள்ள, லூமாசிட்டி விளையாட்டுகளை விற்ற நிறுவனம் 20 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

இவற்றைக் கொண்டு முதுமையில் எந்தப் பயிற்சியும் வீண் என்று முடிவுகட்டுவது அவசரம். அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட 2,832 பேரைக் கொண்டு நடந்த ‘ஆக்டிவ்’ என்ற பெருஞ்சோதனையில், நினைவு, தருக்கம், பார்வைவழிச் செய்தியை விரைந்து உள்வாங்கும் வேகம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனிக் குழுக்கள் பத்து அமர்வுகள் பழகின. வேகம் பழகியவர்களில் 87 விழுக்காட்டினரும், தருக்கம் பழகியவர்களில் 74 விழுக்காட்டினரும், நினைவு பழகியவர்களில் 26 விழுக்காட்டினரும் உறுதியான முன்னேற்றம் காட்டினார்கள். ஆனால் ஒவ்வொரு குழுவும் முன்னேறியது தான் பழகியதில்தான். தருக்கத்திலும் வேகத்திலும் பெற்ற பயன் பத்தாண்டு கழித்தும் ஓரளவு எஞ்சியிருந்தது என்பது சிறிய செய்தியன்று. வாகனத்தின் எதிரே திடீரெனக் குறுக்கிடுவதைக் கவனிக்க வேண்டிய முதியவருக்கு அந்த ஒரு வேகமே போதும் என்று சொல்லவும் இடமுண்டு.

மண்டைமேல் மின்முனைகளை வைத்து ஒன்று அல்லது இரண்டு மில்லியாம்பியர் நேர்மின்னோட்டத்தைச் செலுத்தும் கருவிகள் பற்றி நீளப் பேசவேண்டியதில்லை. உப்புநீரில் நனைத்த பஞ்சு வழியே செல்லும் அந்த மின்சாரத்தில் பெரும்பகுதி தோலிலும் எலும்பிலுமே பரவிக் கழிந்துவிடுகிறது. மூளையை அடையும் மிச்சம் நரம்பணுக்களைச் சற்றுத் தட்டியெழுப்பினாலும், எந்த வேலைக்காக என்பதை அந்த மின்சாரம் அறியாது. அதை நோக்கமுள்ள பயிற்சியே சொல்லவேண்டும். முதல் நூற்றாண்டு ரோமில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற மருத்துவர் தலைவலிக்கு மின்திருக்கையை நெற்றியில் வைக்கச் சொன்னார். சந்தைக்கு வந்திருக்கும் பட்டைகள், மீனைவிட அணிந்துகொள்ள வசதியானவை.

தமிழுக்கு இந்த விவாதத்தில் சொந்தமாக ஒரு சான்று உண்டு. கவனம் சிதறாமல் ஒரே அமர்வில் பலவற்றுக்கு ஈடுகொடுக்கும் கலைக்கு அவதானம் என்று பெயர். எட்டுக்கு அட்டாவதானம், பத்துக்குத் தசாவதானம், நூற்றுக்குச் சதாவதானம். நாகர்கோவிலை அடுத்த கோட்டாற்றுப் பகுதியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா அரங்கில் சதாவதானம் நிகழ்த்திக் காட்டினார். அவதானி, பிறர் கொடுத்த ஈற்றடிக்கு வெண்பா முடிப்பார், கணக்குக்கு விடை சொல்வார், இலக்கண ஐயம் தீர்ப்பார், இடையிடையே முதுகில் விழும் சிறுகற்களை எண்ணி வைத்திருந்து இறுதியில் தொகை சொல்வார். இதை வரம் என்றோ பிறவி அதிசயம் என்றோ சொல்வது வழக்கம். எஸ்.எஃப். கதையோடு சேர்த்துப் பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது: ஓட்டக்காரருக்கு மைல் நேரம் எதுவோ, அதுவே புலவருக்கு யாப்பு. எதுகையும் மோனையும் சீரும் தளையும் இரத்தத்தில் ஊறியவருக்கு, பாதியில் நிறுத்திய வெண்பா நாற்பது தனி எழுத்துகளன்று. அது தொடங்கிய இடத்திலேயே தன் முடிவைச் சுட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை முடிச்சு. சதாவதானியின் பெட்டகம் வெறும் நினைவன்று, பல்லாண்டு கற்ற தமிழ்.

அபாகஸ் வகுப்புகளின் விளம்பரப் பலகைகள் கணக்கு வேகத்தோடு கவனம், நினைவாற்றல், தன்னம்பிக்கை எல்லாவற்றையும் சேர்த்தே எழுதிவைக்கின்றன. குஜராத்தின் வடோதராவில் ஒரு பள்ளியின் 204 சிறுவர்களைக் கொண்டு மூன்றாண்டுகள் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு பாதிக்கு அபாகஸையும் மறுபாதிக்கு அதே நேர அளவில் வழக்கமான கணக்கையும் கூடுதலாகக் கற்பித்தது. அபாகஸ் பயின்றவர்கள் கணக்கில் முந்தினார்கள். பொதுவான அறிவாற்றல் அளவைகளில் இருசாராருக்கும் வேறுபாடு இல்லை. பலகையின் முதல் சொல் உண்மை, மிச்சம் ஆசை. உண்மையான அந்த முதல் சொல்லே எவ்வளவு அழகானது என்பதைக் காண, நன்கு பழகிய குழந்தை ஒன்று மனக்கணக்குப் போடுவதைப் பார்த்தால் போதும். கையில் மணிச்சட்டம் கிடையாது. விரல்கள் மட்டும் காற்றில் அசைகின்றன. ஏழு என்றதும் ஐந்துக்கான மேல்மணி ஒன்று இறங்கி, கீழ்மணி இரண்டு ஏறுகின்றன. நான்கைக் கூட்டு என்றால், கீழே மிச்சமிருப்பவை இரண்டே மணிகள். ஆகவே வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி நான்கோடு சேர்ந்து பத்தாகும் ‘பெரிய நண்பன்’ ஆறைத் தேடி, கட்டைவிரல் பத்தாம் இடத்தில் இல்லாத ஒரு மணியை ஏற்றுகிறது, ஆள்காட்டி விரல் ஒன்றாம் இடத்தில் ஐந்தையும் ஒன்றையும் தள்ளுகிறது, பதினொன்று நிற்கிறது.