திருவாதிரைக் களி

அரையாண்டுப் பரீட்சை லீவு என்றால் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். நமக்கோ மார்கழிப் பனியும் மிளகுக் கஷாயமும்தான்! உங்கள் வீட்டிலும் அப்படித்தானே?

2023-ஆம் வருஷ லீவுக்கு மதுரை போக டிக்கெட் எடுத்திருந்தோம். அதற்குள் மாமியாருக்கு ஜுரம் 103 டிகிரிக்கு ஏறிவிட்டது. நிமோனியா! நான்கு நாள் ஆஸ்பத்திரி வாசம். வீடு திரும்பியபோது, "பயணமா? மூச்!" என்றார் டாக்டர்.

டிசம்பர் 27-ந் தேதி திருவாதிரை. ஐம்பது வருஷமாகக் களி கிண்டியவர் அவர். அன்றைக்கு யாரையும் அடுப்பருகே விட்டதே கிடையாது. இம்முறை கட்டிலிலிருந்து உத்தரவுகள் பிறந்தன.

"அரிசி சிவக்க வேண்டும், கருகக் கூடாது. பயத்தம்பருப்பையும் வறுத்துக்கொள். இரண்டையும் ரவையாக உடை. ஒரு பங்குக்கு ஒன்றரைப் பங்கு வெல்லம்..."

நடுநடுவே இருமல். என் பத்து வயதுப் பெண் பாட்டி சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டாள். கூட்டுக்குப் பூசணி, பரங்கி, அவரை, மொச்சை, வாழைக்காய், சேனை, சர்க்கரைவள்ளி என்று ஏழு காய்களையும் பையன் விரல் விட்டு எண்ணினான். உருளைக்கிழங்கையும் சேர்க்கலாமே என்ற என் கணவருக்குக் கட்டிலிலிருந்து பலத்த கண்டனம்!

சிரித்தேனே தவிர, உள்ளூரப் பயம்தான். அடுத்த வருஷம் இந்தக் குரல் கேட்குமா? குழந்தையின் பேனா நகர்வதைப் பார்க்கப் பார்க்க நெஞ்சை அடைத்தது.

ஒரு கரண்டி களியை வாயில் போட்டுக்கொண்டவர், "வெல்லம் குறைச்சல்" என்றார். மூன்று நாளாகக் கஞ்சியைக்கூட ஒதுக்கியவர், இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.